பட்டியலில் இருக்கிறது, தேடினால் இல்லை: தமிழ்ப் பெயர்களைக் கையாளும் வலைப்பக்கங்களுக்குச் சில குறிப்புகள்

வலைப்பக்கம் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டு இருபது வருஷம் ஆகப்போகிறது. வங்கி, காப்பீடு என்று பெரிய பெரிய சமாச்சாரங்களுக்கெல்லாம் கோட் எழுதியிருக்கிறேன். ஆனால் எனக்கு மிக அதிகமாகக் கற்றுக்கொடுத்தது, சம்பளம் வாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதிக்கொடுத்த ஒரு சின்னத் தேடல் பக்கம்தான்.

தெரிந்தவர்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளை. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். தேர்வானவர்கள் அறுநூறு பேர் சொச்சம். "விண்ணப்ப எண்ணோ பெயரோ போட்டால் இருக்கா இல்லையான்னு காட்டணும், அவ்வளவுதான்" என்றார்கள். இதில் என்ன கஷ்டம்? எக்செல் கோப்பை வாங்கி, டேட்டாபேஸில் ஏற்றி, ஒரு பெட்டி, ஒரு பொத்தான். ரெண்டு மணி நேர வேலை. கிடைத்தால் பச்சை நிறத்தில் வாழ்த்து. கிடைக்காவிட்டால் சிவப்பு நிறத்தில் "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை."

பத்து நாள் கழித்து ஓர் அப்பா போன் செய்தார். அறக்கட்டளையில் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், லிஸ்ட்ல பாப்பா பேரு இருக்குன்னு டீச்சர் சொல்றாங்க. போன்ல போட்டா இல்லைன்னு வருதுங்க."

நான் கேட்டேன்: "ஸ்பெல்லிங் சரியாப் போட்டாங்களான்னு பாருங்கண்ணே."

"அவ பேரு அவளுக்கு எழுதத் தெரியாதுங்களா சார்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெண்ணின் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். உதாரணத்துக்குக் கௌசல்யா என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பச் சீட்டு தொலைந்துவிட்டது, அதனால் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார். சிவப்பு எழுத்து வந்திருக்கிறது. கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டார். பள்ளியில் காகிதத்தில் ஒட்டியிருந்த பட்டியலை டீச்சர் ஒருவர் தற்செயலாகப் பார்த்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சான்றிதழ்களைக் கொடுக்கக் கடைசித் தேதிக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு ரெண்டு

உட்கார்ந்து பார்த்தேன். பட்டியலிலிருந்து பெயரைக் காப்பி செய்து பெட்டியில் ஒட்டினால் வருகிறது. என் போனில் நானே தட்டினால் வரவில்லை. திரையில் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கண்ணை நம்பாமல், ஒவ்வொரு குறியீட்டின் எண்ணையும் அச்சிட்டுப் பார்ப்பது.

நான் தட்டிய "கௌ" இப்படி இருந்தது: 2965, 3020. அதாவது க, அதன் பின்னால் ஔகாரக் குறி. பட்டியலில் இருந்த "கெள" இப்படி: 2965, 3014, 2995. அதாவது க, எகரக் கொம்பு, பிறகு ள என்ற முழு எழுத்து!

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஔகாரக் குறியின் வலது பாதி பார்வைக்கு ள போலவேதான் இருக்கும். பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்களில் அதற்கென்று தனி விசை தேடமாட்டார்கள். கொம்பு, க, ள என்று தட்டினால் காகிதத்தில் சரியாக வந்துவிடும். அச்சுக்குப் போகிற வேலைக்கு அது போதும், அதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த ஃபான்ட்கள் வடிவத்தைத்தான் சேமித்தன, எழுத்தை அல்ல. யூனிகோட் வந்தபிறகு இந்தக் கோப்புகளை மாற்றியில் போட்டு மாற்றினார்கள். மாற்றிக்கு ள என்று இருந்தால் ள-தான்.

விசாரித்ததில், அறக்கட்டளை அந்த அறுநூறு பெயர்களையும் ஒரே இடத்தில் தட்டச்சு செய்யவில்லை. ஒரு பகுதி ஊரில் இருக்கும் ஒரு டிடிபி சென்டரில் பழைய ஃபான்ட்டில் அடித்து, மாற்றி, எக்செலில் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பகுதியில் இருந்த பெயர்களில்தான் சிக்கல்.

அங்கே இன்னொரு பூதமும் இருந்தது

எண்களைப் பார்க்க ஆரம்பித்தபிறகு விடமுடியவில்லை. அதே பகுதியில் "குமார்" என்ற பெயர் "குமாா்" என்று இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கடைசியில் இருப்பது ர் அல்ல, துணைக்காலின் தலையில் புள்ளி. பழைய அச்சு எழுத்துகளில் ர் என்பதே கால் போட்டுப் புள்ளி வைத்த மாதிரிதான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் தட்டச்சு செய்தவர் காலையும் புள்ளியையும் அடிக்கிறார். இன்றைக்கும் இணையத்தில் படிக்கிற செய்திகளில் "அவா்கள்", "தமிழா்" என்று இப்படியே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். படிக்கிறவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தேடுகிறவருக்குத்தான் பட்டை நாமம்.

இதில் இன்னும் ஒரு படி உண்டு. சேர்மக்கனி என்று தென் மாவட்டங்களில் வைக்கிற பெயர். இதில் ர் இடத்தில் காலும் புள்ளியும் வந்தால் என்ன ஆகும்? ச, ஏகாரக் கொம்பு, கால், புள்ளி. ஏகாரக் கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தால் யூனிகோடில் அது ஓகாரம். ஆகவே பெயர் "சோ்மக்கனி" ஆகிவிடும். சே எங்கேயோ போய், புள்ளி வைத்த சோ உட்கார்ந்திருக்கும்.

சரி, எப்படிச் சரிசெய்வது?

முதலில் எனக்குத் தோன்றியது எல்லாருக்கும் தோன்றுவதுதான்: டேட்டாபேஸில் "கெள" என்று இருப்பதையெல்லாம் "கௌ" என்று மாற்றிவிடுவோம்.

அவசரப்படக்கூடாது. கெளுத்தி என்று ஒரு மீன் இருக்கிறது. தெளிவு என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கே ள உண்மையான ள. "ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் விட்டுவிடு, வராவிட்டால் மாற்று" என்று விதி எழுதலாம். கெளுத்தி தப்பிக்கும், தெளிவு தப்பிக்கும், வெள்ளம்கூடத் தப்பிக்கும். ஆனால் பேச்சு வழக்கில் ஒருவர் "கெளம்பு" என்று எழுதியிருந்தால்? அது "கௌம்பு" ஆகிவிடும். வெளக்கு, வெளயாட்டு எல்லாம் இதே கதைதான். ஆக, எது ஔகாரம், எது ள என்று எழுத்தை மட்டும் பார்த்து நூற்றுக்கு நூறு முடிவு செய்யமுடியாது. தகவல் ஏற்கெனவே தொலைந்துவிட்டது. தொலைந்ததைக் கோட் எழுதி மீட்கமுடியாது.

ரெண்டு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டபிறகுதான் உறைத்தது. நான் தலைகீழாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தவறைச் சரியாக மாற்ற யூகம் வேண்டும். சரியைத் தவறாக மாற்ற யூகம் வேண்டாமே! எல்லா ஔகாரத்தையும் கொம்பு, ள என்று உடைத்துவிட்டால் போதும். கௌசல்யாவும் கெளசல்யாவும் ஒன்றாகிவிடுவார்கள். கெளம்பு என்பது கெளம்பாகவே இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

இதை மூலப் பெயரில் செய்யக்கூடாது என்பது முக்கியம். பெயர் இருந்தபடி இருக்கட்டும். பக்கத்தில் "தேடல் சாவி" என்று இன்னொரு பத்தி வைத்து அதில் இந்த உடைத்த வடிவத்தைப் போட்டுவைக்கவேண்டும். தேடுகிறவர் தட்டுவதையும் அதே ஃபங்ஷன் வழியாக அனுப்பிச் சாவியோடு ஒப்பிடவேண்டும். சாவி யார் கண்ணிலும் படாது. அது அசிங்கமாக இருந்தால் என்ன?

நான் கடைசியில் எழுதிய சாவி ஃபங்ஷன் இந்த வரிசையில் வேலை செய்கிறது:

1. முதலில் எழுத்துகளைப் பிரிப்பது. யூனிகோடில் இதற்கு என்எஃப்டி என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட்டில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இதைச் செய்யும், போஸ்ட்கிரெஸ்ஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து உண்டு, பைத்தானிலும் உண்டு. இதைச் செய்தால் ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும் இடது பாதி, வலது பாதி என்று பிரிந்துவிடும்.

2. கால், உடனே புள்ளி என்று வந்தால் அதை ர் ஆக்குவது. துணைக்காலின் மேல் புள்ளி வைப்பது தமிழில் சாத்தியமே இல்லை, எனவே இங்கே யூகம் எதுவும் இல்லை. முதல் படியில் ஓகாரம் ஏற்கெனவே ஏகாரக் கொம்பாகவும் காலாகவும் பிரிந்துவிட்டதால் "சோ்மக்கனி" தானாகவே சேர்மக்கனி ஆகிவிடுவார்.

3. ஔகாரத்தின் வலது பாதிக்கு யூனிகோடில் தனி எண் இருக்கிறது: 3031. அதைக் கண்ட இடத்தில் ள என்று மாற்றுவது. ஔ என்ற உயிரெழுத்தும் முதல் படியில் ஒ, 3031 என்று பிரிவதால், ஔவையைத் தப்பாக ஒ, ள, வை என்று அடித்தவர்களும் இதில் அடங்கிவிடுவார்கள்.

4. ஶ இருந்தால் ஸ ஆக்குவது. 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ஶ சேர்ந்தது. அதன்பிறகு ஸ்ரீயை ரெண்டு விதமாக எழுதமுடிகிறது. பல ஃபான்ட்களில் ரெண்டும் ஒரே வடிவம்தான்.

5. கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்குவது. 8203, 8204, 8205, 65279 ஆகிய எண்கள். காப்பி பேஸ்ட் செய்கிற இடத்திலெல்லாம் இவை ஒட்டிக்கொண்டு வரும். இதில் 8204-ஐச் சிலர் தெரிந்தே போடுவார்கள், க், ஷ ரெண்டும் சேர்ந்து க்ஷ ஆகாமல் இருக்க. தேடும்போது அது தேவையில்லை.

6. புள்ளி, காற்புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே இடைவெளியாக்கி, இனிஷியலைத் தனியாகவும் பெயரைத் தனியாகவும் வைப்பது. இனிஷியலை முன்னால் போடுகிறவர், பின்னால் போடுகிறவர், போடாமலே விடுகிறவர் எல்லாரும் உண்டு.

வரிசை முக்கியம். முதல் படியைக் கடைசியில் வைத்தால் சேர்மக்கனி கிடைக்கமாட்டார். நானே முதலில் அப்படித்தான் எழுதினேன். இன்னொன்று, நாளைக்கு விதியை மாற்றினால் எல்லாப் பெயருக்கும் சாவியை மறுபடி உருவாக்கவேண்டும். பாதிப் பெயர் பழைய சாவியிலும் பாதி புதிய சாவியிலும் இருந்தால், அது இந்த பக்கைவிடப் பெரிய பக்.

எதையெல்லாம் சாவியில் ஒன்றாக்கலாம், எதை ஆக்கக்கூடாது? நான் வைத்துக்கொண்ட விதி இது: பார்வைக்கு ஒன்றாகத் தெரிவது எல்லாம் சாவியிலும் ஒன்றாக இருக்கவேண்டும். பார்வைக்கு வேறாக இருப்பதைச் சாவி தொடக்கூடாது. ஐயப்பனும் அய்யப்பனும், ஔவையும் அவ்வையும் ஒருவராக இருக்கலாம், இருக்காமலும் போகலாம். அது எழுதுகிறவர் எடுத்த முடிவு. அவற்றை "இவரையா தேடுகிறீர்கள்?" என்று கீழே தனியாகக் காட்டலாம். சத்தமில்லாமல் ஒன்றாக்கக்கூடாது.

ஏன் இப்படி ஆனது?

கோபம் வந்தால் யூனிகோடைத் திட்டுவது நம் ஆட்களுக்கு வழக்கம். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் கோபம் குறையும்.

தமிழுக்கு யூனிகோட் ஒதுக்கிய இடம் 128. 2944-இலிருந்து 3071 வரை. 1991-இல் வந்த முதல் பதிப்பு, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி என்ற குறியீட்டை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி உயிர்மெய் தனி எழுத்து அல்ல, மெய்யும் குறியும் சேர்ந்தது. நமக்கு 247 எழுத்து என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கணினிக்கு அவ்வளவு இல்லை.

இதற்கிடையில் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. இணையத்தில் டிஸ்கி தனியாக ஓடியது. டிடிபி சென்டர்களில் ஆளுக்கொரு ஃபான்ட். 2010-இல்தான் யூனிகோடையும், ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற குறியீட்டையும் அரசு ஏற்றது. இத்தனை வருஷமும் யாரும் சும்மா இருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, ரேஷன் பட்டியல், வாக்காளர் பட்டியல், பள்ளி வருகைப்பதிவு எல்லாம் ஏதோ ஒரு ஃபான்ட்டில் அடித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் கோப்புகள்தான் மாறி மாறி இன்று நம் டேட்டாபேஸில் வந்து விழுகின்றன. ஒரு தமிழ்ப் பெயர் உங்கள் கைக்கு வரும்போது ரெண்டு மூன்று ஃபான்ட்களைத் தாண்டி வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு கோட் எழுதுவது நல்லது.

பெயர்ப் பெட்டிகள் பற்றி மேலும் சில

அந்தப் பக்கத்தை முழுசாகத் திரும்ப எழுதும்போது வேறு சில ஓட்டைகளும் தெரிந்தன. அடுத்தவர்களுக்கு உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

நீளம். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஐந்து. பிஎச்பியில் சாதாரண ஸ்ட்ரிங் நீளத்தைக் கேட்டால் 15, ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது, யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மனிதர் எண்ணுகிற மாதிரி எண்ண, ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்ல் செக்மென்டர் இருக்கிறது. 2024-இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டதால் இனி தயங்காமல் பயன்படுத்தலாம். க்ஷ, ஸ்ரீ ரெண்டையும் மட்டும் அது ரெண்டு ரெண்டாக எண்ணும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இது ஏதோ கணக்குப் பாடம் இல்லை. சில டேட்டாபேஸ்களில் 50 என்று பத்தி வைத்தால் அது 50 எழுத்து அல்ல, 50 பைட். ஆரக்கிளில் நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அப்படித்தான். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயர் நமக்கு 8 எழுத்து, கணினிக்கு 15 குறியீடு, 45 பைட். "ம. கிருஷ்ணமூர்த்தி" சரியாக 50 பைட், உள்ளே போய்விடுவார். "மு. கிருஷ்ணமூர்த்தி" 53 பைட், வெளியே நிற்பார். அப்பா பெயர் மணியா முருகனா என்பதை வைத்து விண்ணப்பம் ஏற்கப்படுவதும் மறுக்கப்படுவதும் என்ன நியாயம்?

"எழுத்து மட்டும்" என்ற சோதனை. பெயரில் எண்ணோ குறியோ இருக்கக்கூடாது என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுவோம். ஆங்கிலத்துக்கு எழுதியதில் தமிழ் நுழையாது, அது எல்லாருக்கும் தெரியும். "எல்லா மொழி எழுத்தும்" என்ற யூனிகோட் வகையைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்போம். ஆகாது. யூனிகோடின் பார்வையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகை அல்ல, குறி வகை. அந்தச் சோதனையில் "கமல" பாஸ், "கமலா" ஃபெயில். எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்தே அனுமதிக்கவேண்டும்.

வெட்டுவது. நீளமான தலைப்பைச் சுருக்கிக் காட்டும்போது பைட் கணக்கில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்பு டைமண்ட் வரும். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் டைமண்ட் வராது, ஆனால் தமிழ் "தமிழ" ஆகும். எழுத்துக் கணக்கில்தான் வெட்டவேண்டும். முடிந்தால் சொல் முடியும் இடத்தில்.

முகவரி. வேர்ட்பிரஸ்ஸில் பதிவின் முகவரிக்கு 200 இடம். தமிழ்க் குறியீடு ஒன்று சதவீதக் குறிகளாக மாறும்போது 9 இடம் பிடிக்கும். ஆக ஏறத்தாழ 22 குறியீடுதான். "கல்வி உதவித்தொகை பெற்றவர்கள்" என்று தலைப்பு வைத்தால் முகவரி "பெற்றவர" என்று அந்தரத்தில் நிற்கும். முகவரிக்கு மட்டும் சின்னதாக ஒரு பெயர் கைப்பட வைத்துவிடுவது நல்லது.

எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற ஒரு செய்தியில் தமிழ் 70 குறியீடுதான் போகும். 71 ஆனால் ரெண்டு செய்தி, ஒவ்வொன்றிலும் 67. "தங்கள் விண்ணப்பம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது" என்று அரசாங்கத் தமிழில் ஆரம்பித்து நீட்டிக்கொண்டே போனால் பில் ரெட்டிப்பாகும். "விண்ணப்பம் கிடைத்தது" என்றால் போதுமே. சுருக்கமான தமிழ் மலிவான தமிழும்கூட.

அகர வரிசை. ஒரு முறை அச்சிட்ட பட்டியலில் அன்பு என்பவர் தன் பெயரைக் கடைசியில் தேடிவிட்டு "இல்லை" என்று போய்விட்டாராம். அவர் சொன்னது சரி. நம் வரிசையில் ன கடைசி மெய். அப்பு, அமுதா, அழகு, அறிவு, அன்பு என்றுதான் வரவேண்டும். வெறும் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் அன்பு, அப்பு, அமுதா, அறிவு, அழகு என்று வரும். ஏனென்றால் யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறது. ற, ர-வுக்கு அடுத்து. ஜ, ச-வுக்கு அடுத்து. யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் தொகுப்பில் தமிழுக்கான சரியான வரிசை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்ல் கொலேட்டரிடம் மொழி தமிழ் என்று சொன்னால் அதை எடுத்துக்கொள்ளும். சொல்லவேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது.

கடைசிப் பெயர். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ரெண்டு பெட்டி வைத்து ரெண்டையும் கட்டாயமாக்குவதை நிறுத்துங்கள். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். கட்டாயப்படுத்தினால் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் தன் பெயரையே ரெண்டு தரம் போடுவார். பிறகு ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி என்று அலைவது அவர்கள்தான், நாம் இல்லை. ஒரே பெட்டி, "முழுப் பெயர்". போதும்.

சோதனைக்கு ஒரு பட்டியல்

நான் இப்போது எந்த வேலையிலும் தமிழ்ப் பெயர் வருகிறது என்றால், கோட் எழுதும் முன்பே இந்தப் பெயர்களைச் சோதனைக் கோப்பில் போட்டுவிடுகிறேன்: கௌசல்யா, கெளசல்யா, குமார், குமாா், சேர்மக்கனி, சோ்மக்கனி, ரெண்டு வகை ஸ்ரீதர், கமலா, அன்பு, மு. கிருஷ்ணமூர்த்தி. இந்தப் பதினொரு பேரும் உள்ளே வந்து, தேடினால் கிடைத்து, சரியான வரிசையில் நின்றால் பக்கம் ஓரளவு தேறும். "டெஸ்ட்1", "டெஸ்ட்2" என்று போட்டுச் சோதித்தால் நமக்கு எதுவும் தெரியவராது. நான் அப்படித்தான் சோதித்திருந்தேன்.

சிவப்பு எழுத்து

இவ்வளவு எழுதியபிறகும், நான் செய்த பெரிய தவறு யூனிகோட் சம்பந்தப்பட்டது இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெரிய தவறு அந்தச் சிவப்பு வாக்கியம்: "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை."

அந்தப் பக்கத்துக்கு உண்மையில் தெரிந்தது என்ன? நீங்கள் தட்டிய குறியீடுகளின் வரிசை, என்னிடம் இருக்கும் எந்த வரிசையோடும் பொருந்தவில்லை. அவ்வளவுதான். பெயர் இல்லை என்று சொல்ல அதற்கு அருகதை இல்லை. ஆனால் பதினேழு வயசுப் பெண் திரையில் பார்ப்பது, படித்தவர்கள் செய்துவைத்த ஒரு பக்கம் அவளிடம் "நீ இல்லை" என்று சொல்வதை. அவள் ஏன் எதிர்த்துக் கேட்கப்போகிறாள்? அப்பா கேட்டார். டீச்சர் பார்த்தார். எல்லாருக்கும் அப்படி ஓர் அப்பாவும் டீச்சரும் அமைவதில்லை.

இப்போது அந்த இடத்தில் இப்படி இருக்கிறது: "நீங்கள் தட்டியபடி ஒரு பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இதனால் நீங்கள் தேர்வாகவில்லை என்று அர்த்தம் இல்லை. இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்." கீழே அறக்கட்டளையின் எண், பட்டியலின் பிடிஎஃப் இணைப்பு. கண் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு நல்ல காரியமும் தற்செயலாக நடந்திருந்தது. கிடைக்காத தேடல்களை எல்லாம் ஒரு கோப்பில் சேமிக்கும்படி எழுதியிருந்தேன், வேறு ஏதோ காரணத்துக்காக. புதிய சாவியை வைத்து அந்தக் கோப்பை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். கௌசல்யாவைத் தவிர இன்னும் ஏழு தேடல்கள் பட்டியலில் இருந்தவர்களோடு பொருந்தின. ஏழு பேரும் தேர்வானவர்கள். ஏழு பேருக்கும் நான் எழுதிய பக்கம் "இல்லை" என்று சொல்லியிருக்கிறது.

அறக்கட்டளையில் அவர்கள் நம்பர் இருந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து போன் செய்தார்கள். ஐந்து பேர் மறுநாளே சான்றிதழோடு வந்துவிட்டார்கள். ஒரு பையனுக்காகக் கடைசித் தேதியை ரெண்டு நாள் தள்ளிவைத்தார்கள். ஏழாவது பெண்ணின் வீட்டு நம்பர் எத்தனை தரம் போட்டும் கிடைக்கவில்லை. அந்த ஊருக்கே ஆள் அனுப்பினார்கள். குடும்பம் வேலைக்காக வேறு எங்கோ போய்விட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

அந்தப் பெயர் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு ர் இருக்கிறது. எந்தப் புதிய வேலையிலும் சோதனைக் கோப்பில் அந்தப் பதினொரு பேருக்கும் முன்னால் முதல் வரியில் அந்தப் பெயரைத்தான் போடுகிறேன்.